லேப்வியூவில் முதல் நிரல்: வயர் வழியே போய்ப் பிழை பிடிப்பது

லேப்வியூவில் நிரலை வரி வரியாக எழுதுவதில்லை, வரைகிறோம். கூட்டல், ஒப்பிடுதல், கோப்பில் பதிதல் என ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சிறு பெட்டி உண்டு. பெட்டிக்கும் பெட்டிக்கும் இடையே வயர் இழுக்க வேண்டும். நேஷனல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 1986-இல் மெக்கின்டோஷ் கணினிக்காக இதை முதன்முதலில் வெளியிட்டது. அன்றிலிருந்து அடிப்படை மாறவில்லை. மின்னழுத்தம், வெப்பநிலை, அழுத்தம் முதலியவற்றை அளந்து பதியும் ஆய்வகங்களிலும், தொழிற்சாலைச் சோதனை மேசைகளிலும் இதைப் பரவலாகக் காணலாம்.

சி அல்லது பைத்தான் தெரிந்தவர்கள் இங்கே முதல் வாரத்தில் கொஞ்சம் கூடுதலாகவே தடுமாறுவார்கள். அந்த மொழிகளில் மேல் வரி முதலில் ஓடும், கீழ் வரி பிறகு ஓடும். இங்கே மேல், கீழ், இடம், வலம் எதற்கும் பொருளில்லை. ஒரு பெட்டிக்கு வரவேண்டிய எல்லாத் தரவும் வந்து சேர்ந்ததும் அது ஓடும். ஒன்று வராவிட்டாலும் காத்திருக்கும். மடை திறந்து தண்ணீர் வந்தால்தான் அடுத்த பாத்தி நனையும் என்பது போல. தொடக்கத்தில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை கணக்குத் தப்பானதால் வருவதில்லை. தரவு எப்போது வந்தது, எத்தனை முறை வந்தது என்பதை நாம் ஒன்றாக நினைக்க, நிரல் வேறாகச் செய்வதால் வருகின்றன. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றியே போகும்.

நிறுவுவது

வணிகம் சாராத சொந்தப் பயன்பாட்டுக்கு 2020 முதல் 'கம்யூனிட்டி எடிஷன்' இலவசமாகக் கிடைக்கிறது. நிறுவன வேலைக்கோ பல்கலைக்கழகப் பாடத்துக்கோ ஆராய்ச்சிக்கோ அதைப் பயன்படுத்த உரிமம் இடம் தருவதில்லை. அவற்றுக்குத் தனி உரிமம் வேண்டும். நிறுவனத்தின் தளத்தில் ஒரு கணக்குத் தொடங்கி நிறுவியைத் தரவிறக்குங்கள். அது முதலில் 'பேக்கேஜ் மேனேஜர்' என்ற நிரலை வைத்து, அதன் வழியே மற்றவற்றை இறக்கும். அளவு பல ஜிபி. வழியில் சாதன டிரைவர்களின் பட்டியல் ஒன்று வரும். இப்போதைக்கு எதையும் சேர்க்க வேண்டாம். இந்தப் பயிற்சிக்கு வெளிச் சாதனம் எதுவும் தேவையில்லை.

தமிழ் வாசகர்கள் முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. லேப்வியூ யூனிகோடை அடிப்படையாகக் கொண்டு உருவானதன்று. லேபிளில் தமிழில் பெயரிட்டால் அது கேள்விக்குறிகளாக மாறிப்போவது வழக்கம். கோப்புறைப் பெயர் தமிழில் இருந்தால் கோப்பைத் திறப்பதிலும் தொல்லை வரும். லேபிளையும் கோப்புறையையும் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் விஐ

லேப்வியூ நிரல் ஒவ்வொன்றுக்கும் 'விஐ' (வர்ச்சுவல் இன்ஸ்ட்ருமென்ட்) என்று பெயர். புதிய விஐ ஒன்றைத் திறந்தால் இரண்டு சாளரங்கள் வரும். சாம்பல் நிறப் பின்னணி கொண்டது பிரன்ட் பேனல். பயனர் பார்க்கும் குமிழ், பொத்தான், மீட்டர் எல்லாம் அங்கே இருக்கும். வெள்ளைப் பின்னணி கொண்டது பிளாக் டயகிராம். நிரல் அங்கே இருக்கும். கன்ட்ரோல் விசையுடன் ஈ விசையை அழுத்தினால் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம். கன்ட்ரோலுடன் டி (T) அழுத்தினால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். இப்போதே கன்ட்ரோலுடன் எச் அழுத்தி 'கான்டெக்ஸ்ட் ஹெல்ப்' சாளரத்தையும் திறந்து வையுங்கள், மூடவே வேண்டாம். எந்தப் பெட்டியின் மேல் சுட்டியை வைத்தாலும் அதற்கு என்ன உள்ளே போகும், என்ன வெளியே வரும் என்று அது காட்டும். தடித்த எழுத்தில் உள்ள உள்ளீடு கட்டாயம். சாதாரண எழுத்து பரிந்துரை. மங்கலாக இருப்பது விருப்பம்.

செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றும் சிறு நிரலோடு தொடங்குவோம்.

1. பிரன்ட் பேனலில் வலச்சொடுக்கி, 'நியூமெரிக்' பகுதியிலிருந்து ஒரு நியூமெரிக் கன்ட்ரோலையும் ஒரு நியூமெரிக் இன்டிகேட்டரையும் வையுங்கள். கன்ட்ரோல் என்றால் நாம் எண் இடும் இடம். இன்டிகேட்டர் என்றால் விடை தெரியும் இடம்.

2. பிளாக் டயகிராமுக்குப் போனால் இரண்டுக்கும் டெர்மினல்கள் தாமாகவே வந்திருக்கும். கன்ட்ரோலின் டெர்மினலுக்கு விளிம்பு தடித்தும் அம்பு வலப்பக்கமும் இருக்கும். இன்டிகேட்டருக்கு மெல்லிய விளிம்பும் இடப்பக்க அம்பும்.

3. அங்கே வலச்சொடுக்கி, நியூமெரிக் பகுதியிலிருந்து பெருக்கல் பெட்டி ஒன்று, கூட்டல் பெட்டி ஒன்று எடுத்து வையுங்கள். கன்ட்ரோலிலிருந்து பெருக்கலுக்கும், பெருக்கலிலிருந்து கூட்டலுக்கும், கூட்டலிலிருந்து இன்டிகேட்டருக்கும் வயர் இழுங்கள்.

4. பெருக்கலின் இரண்டாம் உள்ளீட்டில் வலச்சொடுக்கி 'கிரியேட்', 'கான்ஸ்டன்ட்' என்று போய் 1.8 இடுங்கள். கூட்டலில் அதேபோல் 32.

5. கன்ட்ரோலில் 37 இட்டு, கருவிப்பட்டையில் உள்ள வெள்ளை அம்பைச் சொடுக்குங்கள். 98.6 வரவேண்டும். 100 கொடுத்தால் 212. கழித்தல் 40 கொடுத்தால் அதே கழித்தல் 40.

கடைசி எண்ணைச் சோதிக்காமல் விடாதீர்கள். 1.8-ஐயும் 32-ஐயும் இடம் மாற்றி இட்டிருந்தாலோ, பெருக்கலையும் கூட்டலையும் முன்பின்னாக மாற்றியிருந்தாலோ அந்த எண் உடனே காட்டிக்கொடுக்கும்.

நிரல் ஒருமுறை ஓடி நின்றுவிடும். எண்ணை மாற்றினால் மறுபடி அம்பைச் சொடுக்க வேண்டும். அதற்குப் பக்கத்திலேயே வட்டமாகச் சுழலும் இரட்டை அம்பு ஒன்று இருக்கிறதே, அது 'ரன் கன்டினியூவஸ்லி'. அதைத் தொடாதீர்கள். நிரலை விடாமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து ஓட்டுவதுதான் அதன் வேலை. லூப்புக்கு (நிரலின் ஒரு பகுதியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டும் கட்டம், பின்னால் வரும்) அது மாற்றாகாது, பின்னால் வரும் பிழைகளை அது மறைத்தும் விடும்.

இன்னொரு வழக்கமான குழப்பம். விஐயைச் சேமித்து மூடி மறுநாள் திறந்தால் கன்ட்ரோலில் இட்ட 37 காணாமல் போய் 0 இருக்கும். சேமிப்பது நிரலை மட்டும்தான். எண்ணும் நிலைக்க வேண்டுமானால் 'எடிட்' மெனுவில் நடப்பு மதிப்புகளை டீஃபால்ட் ஆக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டுச் சேமிக்க வேண்டும்.

வயரின் நிறம், உடைந்த அம்பு

வயரின் நிறமே தரவின் வகையைச் சொல்லும். ஆரஞ்சு என்றால் பதின்மப் புள்ளி உள்ள எண். நீலம் முழுஎண். பச்சை உண்மை-பொய். இளஞ்சிவப்பு எழுத்துச் சரம். ஒற்றை மதிப்புக்கு மெல்லிய கோடு, வரிசையாகப் பல மதிப்புகள் இருந்தால் தடித்த கோடு. இந்த நிறங்களைக் கண் பழகிக்கொண்டால் பாதிப் பிழைகள் ஓட்டுவதற்கு முன்னமே தெரிந்துவிடும்.

பொருந்தாத இரண்டை இணைத்தால் வயர் கறுப்புக் கோடுகளாக விட்டுவிட்டுத் தெரியும், நடுவில் சிவப்பு எக்ஸ் குறி. ஓட்டும் அம்பும் உடைந்ததாக மாறும். உடைந்த அம்பைச் சொடுக்குங்கள், பிழைப் பட்டியல் திறக்கும். அதில் ஒரு வரியை இருமுறை சொடுக்கினால் டயகிராமில் அந்த இடத்துக்கே கொண்டுபோய் விடும். தொடக்கத்தில் இங்கே தென்படுபவை பெரும்பாலும் நான்கு: வகை பொருந்தாதது, வயருக்கு மூலம் இல்லாதது (இன்டிகேட்டரிலிருந்து இன்டிகேட்டருக்கு இழுத்தால் இப்படி ஆகும்), ஒரே வயருக்கு இரண்டு மூலங்கள் இருப்பது, கட்டாய உள்ளீடு இணைக்கப்படாதது. பெட்டியை நகர்த்தும்போதும் அழிக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத துண்டு வயர்கள் மிஞ்சும். கன்ட்ரோல் விசையுடன் பி (B) அழுத்தினால் உடைந்த வயர் எல்லாம் ஒரேயடியாக நீங்கும்.

பட்டியலில் வராத ஒரு குறியும் உண்டு. டெர்மினலின் விளிம்பில் சிறு சிவப்புப் புள்ளி தெரிந்தால், தரவின் வகையை லேப்வியூ தானே மாற்றிக்கொண்டது என்று பொருள். முழுஎண் பதின்ம எண்ணாவதில் கெடுதல் இல்லை. மறுதிசையில்தான் ஆபத்து. 36.6 முழுஎண் டெர்மினலுக்குள் போனால் 37 ஆகிவிடும். சரியாகப் பாதியில் நிற்கும் எண்கள் அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும்: 2.5 ஆனது 2, 3.5 ஆனது 4. யாரும் எச்சரிக்க மாட்டார்கள். அந்தப் புள்ளி ஒன்றுதான் அடையாளம்.

வகுத்தலிலும் கவனம் வேண்டும். 0-ஆல் வகுத்தால் நிரல் நிற்காது, பிழையும் காட்டாது. முடிவிலி என்றோ 'எண் அன்று' என்றோ ஒரு மதிப்பை அமைதியாக வயரில் அனுப்பிவிடும். அது அடுத்தடுத்த கணக்கெல்லாம் பரவும். 'எண் அன்று' என்பதை எந்த வரம்போடு 'பெரிதா?' என்று கேட்டாலும் பொய் என்றே விடை வரும். அப்படியானால் அபாய மணி அடிக்க வேண்டிய இடத்தில் அடிக்காது.

லூப் போடுவது

இப்போது தொடர்ந்து அளக்கும் நிரல். புதிய விஐ ஒன்றில், ஸ்ட்ரக்சர்ஸ் பகுதியிலிருந்து 'வைல் லூப்' எடுத்து ஒரு பெரிய கட்டமாக இழுங்கள். கீழ் வலது மூலையில் சிவப்புச் சின்னம் இருக்கும். அதில் வலச்சொடுக்கி கன்ட்ரோல் உருவாக்கச் சொன்னால் பேனலில் ஸ்டாப் பொத்தான் வந்துவிடும். இடது மூலையில் உள்ள ஐ என்னும் நீலப் பெட்டி எத்தனையாவது சுற்று என்று சொல்லும். அது 0-இலிருந்து எண்ணும்.

லூப்புக்குள் 'ரேண்டம் நம்பர்' பெட்டி ஒன்று வையுங்கள், தாயக்கட்டை படம் போட்டது. 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட எண் தரும். அதை 10-ஆல் பெருக்கி 25 கூட்டினால் 25-க்கும் 35-க்கும் இடையே ஊசலாடும் பொய் வெப்பமானி தயார். பேனலில் 'வேவ்ஃபார்ம் சார்ட்' வைத்து அதோடு இணையுங்கள். சார்ட், கிராஃப் என இரண்டு இருக்கும். சார்ட் ஒவ்வொரு புள்ளியாக வாங்கிப் பழையவற்றையும் நினைவில் வைத்துக்கொள்ளும், டீஃபால்டாக 1024 புள்ளிகள் வரை. கிராஃப் முழு வரிசையை ஒரே நேரத்தில் கேட்கும்.

கடைசியாக 'வெயிட்' பெட்டியை லூப்புக்குள் வைத்து 500 கொடுங்கள். அது மில்லிநொடி. இதை விட்டுவிட்டால் லூப் தன்னால் முடிந்த வேகத்தில் சுற்றும். கணினியின் ஒரு கோர் முழுக்க அதற்கே போகும், விசிறி இரையும், சார்ட் படித்தறிய முடியாதபடி ஓடும். காத்திருப்பு இல்லாத வைல் லூப்பை எந்த நிரலிலும் விட்டுவைக்காதீர்கள்.

ஓடுகிறதா? இனி வேண்டுமென்றே கெடுக்க வேண்டும். பிழை தானாக வரும்வரை காத்திருப்பதைவிட, தெரிந்த பிழையை நாமே உண்டாக்கி அதன் முகத்தைப் பார்த்து வைப்பது நல்லது.

ஸ்டாப் பொத்தானின் டெர்மினலை லூப்புக்கு வெளியே இழுத்துப் போடுங்கள். வயர் லூப்பின் சுவரைத் துளைத்து உள்ளே போகும். அந்த இடத்தில் ஒரு சிறு கட்டம் தோன்றும், அதுதான் டனல். ஓட்டிவிட்டு ஸ்டாப் அழுத்துங்கள். நிற்காது. எத்தனை முறை அழுத்தினாலும் நிற்காது. லூப் தொடங்கும் முன் பொத்தான் ஒரே ஒருமுறை படிக்கப்பட்டது, அப்போது பொய். அந்தப் பொய்தான் எல்லாச் சுற்றுக்கும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. உள்ளே வரும் டனல் லூப் தொடங்கும்போது ஒருமுறை திறக்கும். வெளியே போகும் டனல் லூப் முடிந்த பிறகே திறக்கும். அதனால்தான் இன்டிகேட்டரை லூப்புக்கு வெளியே வைத்தால் ஓடும்போது அசையாமல் இருந்து, நிறுத்தியதும் கடைசி மதிப்பைக் காட்டுகிறது. 'என் இன்டிகேட்டர் மாறவே இல்லை' என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

நிற்காத லூப்பை நிறுத்த சிவப்பு எண்கோணம் போன்ற 'அபார்ட்' பொத்தான் இருக்கிறது. இந்தப் பயிற்சியில் அழுத்தலாம். உண்மையான சாதனம் இணைந்திருக்கும்போது யோசித்து அழுத்துங்கள். அபார்ட் நிரலை நின்ற இடத்திலேயே வெட்டும். லூப்புக்குப் பின்னால் 'ஹீட்டரை அணை', 'கோப்பை மூடு' என்று நீங்கள் வைத்திருக்கும் பெட்டிகள் ஓடவே ஓடா. ஹீட்டர் எரிந்துகொண்டே இருக்கும்.

டெர்மினலை உள்ளே திருப்பி வைத்துவிட்டு, வெயிட்டை 5000 ஆக்குங்கள். ஓட்டி, சுற்றுத் தொடங்கிய உடனே ஸ்டாப் அழுத்துங்கள். நிற்க ஏறக்குறைய 10 நொடி ஆகும். 5 நொடிதானே ஆக வேண்டும்? பொத்தானுக்கும் வெயிட்டுக்கும் இடையே வயர் இல்லை. ஆகவே சுற்றுத் தொடங்கியதுமே பொத்தான் படிக்கப்பட்டுவிட்டது. நீங்கள் அழுத்தியது அதற்குப் பிறகு. அடுத்த சுற்றில்தான் அது தெரியவரும், அந்தச் சுற்றும் தன் 5 நொடியை முடித்தாக வேண்டும். ஒரே சுற்றுக்குள் எது முதலில், எது பிறகு என்பதை வயர்தான் முடிவுசெய்கிறது. வயர் இல்லாவிட்டால் வரிசைக்கு உத்தரவாதம் இல்லை.

பிழை பிடிக்கும் கருவிகள்

பிளாக் டயகிராமின் கருவிப்பட்டையில் ஒரு மின்விளக்குப் படம் இருக்கும். அதுதான் 'ஹைலைட் எக்சிக்யூஷன்'. விளக்கை ஏற்றிவிட்டு ஓட்டினால் நிரல் மிக மெதுவாக ஓடும். வயர்களில் தரவு சிறு குமிழிகளாக நகர்வதும், ஒவ்வொரு பெட்டியின் வாயிலும் வந்த மதிப்பும் கண்ணுக்குத் தெரியும். மேலே செய்த ஸ்டாப் பிழையை இப்போது மறுபடி உண்டாக்கி விளக்கோடு ஓட்டிப் பாருங்கள். பொத்தானிலிருந்து குமிழி ஒரே ஒருமுறை கிளம்பி டனலில் நின்றுவிடுவதைக் காணலாம். பக்கம் பக்கமாக விளக்கம் படிப்பதைவிட இதை ஒருமுறை பார்ப்பது மேல்.

வயரில் வலச்சொடுக்கி 'புரோப்' கொடுத்தால் அந்த வயரில் ஓடும் மதிப்பு தனிச் சாளரத்தில் தெரியும். நிரல் ஓடி முடிந்தபின் வைத்தால், இன்னும் ஓடவில்லை என்றுதான் அது காட்டும். அப்படி ஆகாமல் இருக்க விளக்குக்குப் பக்கத்தில் உள்ள 'ரிட்டெய்ன் வயர் வேல்யூஸ்' பொத்தானை ஓட்டும் முன் அழுத்தி வையுங்கள். எல்லா வயரின் கடைசி மதிப்பும் நினைவில் நிற்கும். பெரிய வரிசைகள் ஓடும் நிரலில் இது நினைவகத்தை நிறையத் தின்னும், வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

ஆயிரம் சுற்றில் ஒருமுறை மட்டும் வரும் பிழைக்குக் கண்ணை விழித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. புரோப் மெனுவிலேயே 'கஸ்டம் புரோப்' கீழ் நிபந்தனை புரோப் இருக்கிறது. மதிப்பு 34.9-ஐத் தாண்டினால் நிறுத்து என்று சொல்லிவிட்டு விட்டுவிடலாம்.

பிரேக்பாயின்ட்டும் அதே வலச்சொடுக்கில்தான். பெட்டியில் வைத்தால் அது ஓடுவதற்கு முன் நிரல் நிற்கும். வயரில் வைத்தால் தரவு அதைக் கடந்தபின் நிற்கும். நின்ற இடத்திலிருந்து ஒவ்வொரு படியாக நகர, கன்ட்ரோல் விசையுடன் கீழம்பு உள்ளே போகும், வலது அம்பு தாண்டிப் போகும், மேலம்பு வெளியே கொண்டுவரும். பிரேக்பாயின்ட்டும் விஐயோடு சேர்ந்தே சேமிக்கப்படும். மற்றவரிடம் கொடுக்கும் முன் அகற்றுங்கள்.

விளக்கை எல்லாவற்றுக்கும் நம்ப முடியாது. அது நிரலின் வேகத்தையே மாற்றிவிடுகிறது. விளக்கு எரியும்போது சரியாக ஓடி, அணைத்தால் கெடும் நிரல் என்றால் உங்கள் கையில் இருப்பது நேரப் பிழை. எங்கோ ஒரு பெட்டி மற்றொன்றுக்குக் காத்திருக்க வேண்டும், காத்திருக்கவில்லை. இது ஏமாற்றமாகத் தோன்றினாலும் நல்ல துப்பு. கணக்கைத் தேடுவதை விட்டுவிட்டு, எந்த இரண்டு பெட்டிகளுக்கு இடையே இருந்தாக வேண்டிய வயர் விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள்.

சீரியல் போர்ட்டில் இது அடிக்கடி நடக்கும். சாதனத்துக்குக் கட்டளை அனுப்பிய மறுகணமே, போர்ட்டில் எத்தனை பைட் வந்திருக்கிறது என்று கேட்டு அத்தனையைப் படிக்கும் நிரல்கள் நிறைய உண்டு. சாதனம் இன்னும் பதில் சொல்லத் தொடங்கியிருக்காது, விடை 0, படித்ததும் ஒன்றுமில்லை. விளக்கை ஏற்றினால் அந்தத் தாமதத்திலேயே பதில் வந்து சேர்ந்துவிடும். நடுவில் வெயிட் போட்டுச் சமாளிப்பது பலரின் வழக்கம். சாதனம் வரி முடிவுக் குறி அனுப்புமானால் அதைவிட நல்ல வழி உண்டு. பைட் எண்ணிக்கையைக் கேட்கவே வேண்டாம். முடிவுக் குறியை இயக்கி வைத்துவிட்டு, வரக்கூடியதைவிடப் பெரிய எண்ணைக் கொடுத்துப் படியுங்கள். குறி வந்ததும் படிப்பு முடியும். வராவிட்டால் டைம்-அவுட் ஆகி -1073807339 என்ற பிழை எண் கிடைக்கும். டீஃபால்ட் காத்திருப்பு 10 நொடி, வேகம் நொடிக்கு 9600 பிட். இந்தப் பிழை எண்ணைக் கண்டால் முதலில் வேகமும் முடிவுக் குறியும் சாதனத்தோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

ஷிப்ட் ரிஜிஸ்டர்: முதல்முறை மட்டும் கெடும் நிரல்

அளவீடு குதிப்பதைக் குறைக்கக் கடைசி நான்கின் சராசரி எடுப்போம். ஒரு சுற்றின் மதிப்பை அடுத்த சுற்றுக்குக் கொண்டுபோக, லூப்பின் சுவரில் வலச்சொடுக்கி ஷிப்ட் ரிஜிஸ்டர் சேருங்கள். இடமும் வலமுமாக இரண்டு அம்புக்குறிப் பெட்டிகள் வரும். வலப்பக்கத்தில் இந்தச் சுற்றின் வெப்பநிலையை இணையுங்கள். இடப்பக்கப் பெட்டியின் கீழ்விளிம்பைப் பிடித்து இழுத்து மூன்றாக்குங்கள். அவை முந்தைய மூன்று சுற்றுகளின் மதிப்புகள். இந்தச் சுற்றோடு சேர்த்து நான்கையும் கூட்டி 4-ஆல் வகுங்கள். சராசரி 20-க்குக் கீழே போனால் பேனலில் ஒரு எல்இடி எரியும்படி 'சிறிதா?' பெட்டி ஒன்றையும் இணையுங்கள்.

நம் வெப்பமானி 25-க்குக் கீழே போகவே போகாது. ஆனாலும் முதல் இரண்டு சுற்றுகளில் எல்இடி நிச்சயம் எரியும். நிறுத்தி மறுபடி ஓட்டினால் எரியாது. விஐயை மூடித் திறந்து ஓட்டினால் மறுபடி எரியும்.

இடப்பக்கப் பெட்டிகளுக்கு வெளியிலிருந்து தொடக்க மதிப்பு எதுவும் இணைக்கவில்லை. திறந்தவுடன் அவற்றில் 0 இருக்கும். 30 டிகிரி என்று வைத்தால் சராசரி 7.5, 15, 22.5 என்று ஏறி நான்காம் சுற்றில்தான் 30-க்கு வரும். இரண்டாம் முறை ஓட்டும்போது முந்தைய ஓட்டத்தின் மதிப்புகள் அப்படியே தங்கியிருக்கும், விஐ நினைவகத்தைவிட்டு நீங்கும்வரை. காலையில் மட்டும் கெட்டு, பிறகு நாள் முழுக்கச் சரியாக ஓடும் நிரலுக்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

தொடக்க மதிப்பாக 0 இணைத்தால் பிழை ஒவ்வொரு முறையும் வரும், அவ்வளவுதான் வேறுபாடு. சரியான வழி, லூப்புக்கு வெளியே ஒருமுறை வெப்பநிலையை அளந்து அந்த மதிப்பை மூன்று பெட்டிகளுக்கும் இணைப்பது.

எத்தனை சுற்று என்று முன்கூட்டியே சொல்லி ஓட்டும் ஃபார் லூப்பிலும் இதன் உறவுக்காரப் பிழை ஒன்று உண்டு. சுற்று எண்ணிக்கை 0 ஆகிவிட்டால் உள்ளே எதுவும் ஓடாது, வெளியே வரும் சாதாரண டனலில் 0 வரும். அந்த வயரில் சாதன இணைப்போ கோப்பின் குறிப்போ போய்க்கொண்டிருந்தால் அது அங்கேயே தொலையும். அத்தகையவற்றை ஷிப்ட் ரிஜிஸ்டர் வழியே கொண்டுபோனால் 0 சுற்றிலும் உள்ளே போனது அப்படியே வெளியே வரும்.

கோப்பில் பதிதல்

'ரைட் டெலிமிட்டட் ஸ்ப்ரெட்ஷீட்' பெட்டியை லூப்புக்குள் வைத்து ஓட்டினால் ஒவ்வொரு சுற்றுக்கும் கோப்பின் பெயர் கேட்டு ஒரு சாளரம் வந்து நிற்கும். பாதை இணைக்காததே காரணம். லூப்புக்கு வெளியே பாதையை வைத்து இணையுங்கள். மறுபடி ஓட்டி நிறுத்திக் கோப்பைத் திறந்தால் அதில் ஒரே ஒரு வரி இருக்கும். 'அப்பெண்ட்' உள்ளீட்டின் டீஃபால்ட் பொய், ஆகவே ஒவ்வொரு சுற்றும் பழைய கோப்பை அழித்துப் புதிதாக எழுதியிருக்கிறது. அங்கே உண்மை கான்ஸ்டன்ட் ஒன்று இணைத்தால் தீரும். இந்தப் பெட்டி ஒவ்வொரு முறையும் கோப்பைத் திறந்து மூடும். நொடிக்கு இரண்டு வரிக்குப் போதும். வேகமாகப் பதிய வேண்டுமானால் லூப்புக்கு முன் திறந்து, உள்ளே எழுதி, பின்னால் மூடும் தனித்தனிப் பெட்டிகளுக்குப் போங்கள்.

அப்படிப் போகும்போது 'எரர் இன்', 'எரர் அவுட்' என்ற டெர்மினல்களைப் பார்ப்பீர்கள். ஒன்றின் எரர் அவுட்டை அடுத்ததன் எரர் இன்னோடு கோத்துக்கொண்டே போங்கள். அந்த வயர் மூன்று செய்திகளைச் சுமக்கிறது: பிழை உண்டா இல்லையா, பிழை எண், எங்கே நடந்தது. முன்னால் பிழை வந்திருந்தால் பின்னால் உள்ள பெரும்பாலான பெட்டிகள் தம் வேலையைச் செய்யாமல் பிழையை மட்டும் கடத்திவிடும். மூடும் பெட்டிகள் மட்டும் பிழை இருந்தாலும் மூடும். அதைவிட முக்கியம், இந்த வயர் வரிசையையும் உறுதி செய்கிறது. கடைசியில் 'சிம்பிள் எரர் ஹேண்ட்லர்' வைத்தால் பிழையை வாக்கியமாகக் காட்டும். 7 என்று வந்தால் கோப்பு அங்கே இல்லை. 8 என்றால் அனுமதி இல்லை, 5 என்றால் கோப்பு ஏற்கெனவே திறந்திருக்கிறது. எக்செலில் திறந்து பார்த்துக்கொண்டே நிரலை ஓட்டினாலும் எழுதும் பெட்டி பிழை தரும்.

துண்டாக்குவது

டயகிராம் ஒரு திரையைத் தாண்டிப் போகத் தொடங்கினால் பகுதியைத் தனி விஐ ஆக்குங்கள். சராசரி கணக்கிடும் கூட்டல், வகுத்தல் பெட்டிகளைச் சேர்த்துத் தேர்ந்து, எடிட் மெனுவில் 'கிரியேட் சப்விஐ' கொடுத்தால் அவை ஒரே பெட்டியாகச் சுருங்கும். அதை இருமுறை சொடுக்கித் திறந்து பெயரிட்டுச் சேமியுங்கள். பேனலின் மேல் வலது மூலையில் கனெக்டர் கட்டங்கள் இருக்கும். இல்லாமல் ஓட முடியாத உள்ளீடு ஒவ்வொன்றிலும் வலச்சொடுக்கி அதை 'ரிக்வயர்ட்' ஆக்கிவிடுங்கள். ஆக்காவிட்டால், வயர் இணைக்க மறந்தபோது சப்விஐ 0-ஐ வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் கணக்குப் போடும். ஆக்கினால் அம்பு உடைந்து நிற்கும்.

வரும் மதிப்பைப் பொறுத்துப் பல நிலைகளில் ஒன்றை மட்டும் ஓட்டும் கேஸ் ஸ்ட்ரக்சரிலும் இதே எண்ணம் உதவும். வெளியே போகும் டனலை எல்லா நிலைகளிலும் இணைக்காவிட்டால் அது உள்ளே வெறுமையான கட்டமாகத் தெரிந்து அம்பு உடையும். 'யூஸ் டீஃபால்ட் இஃப் அன்வயர்ட்' என்ற வாய்ப்பைத் தேர்ந்தால் உடைவு உடனே மறையும், பிழையும் கூடவே மறைந்துகொள்ளும். சிரமம் பார்க்காமல் ஒவ்வொரு நிலையிலும் வயர் இழுங்கள்.

புதிய பதிப்பில் சேமித்த விஐ பழைய பதிப்பில் திறக்காது. ஆய்வகத்துக் கணினியில் இருப்பது பழைய பதிப்பு என்றால், ஃபைல் மெனுவில் முந்தைய பதிப்புக்காகச் சேமிக்கும் கட்டளையைப் பயன்படுத்தி வேறு கோப்புறையில் நகல் எடுத்துக்கொண்டு போங்கள்.